மஞ்சளுக்கு நாலு, நீலத்துக்கு இரண்டு

வீடியோ கேம் கடை நடத்துகிறவளுக்கு ஆடத் தெரிய வேண்டியதில்லை. எது நல்ல ஆட்டம் என்று சொல்லத் தெரிய வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, ஏற்கனவே ஒருமுறை தப்பாக எழுதிப் பட்டவள். கடை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி நொந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சாவுக்கு எத்தனை மார்க்

கள்ளக்குறிச்சியில் என் கடையில் அதிகம் ஓடுவது வாள்சண்டை ஆட்டங்கள். ஓர் ஆளை எடுத்துக்கொண்டு, சண்டை போடப் போட அவனுக்குப் பலமும் ஆயுதமும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எது நல்லது என்று எல்லோரும் கேட்டதால் ஒரு கரும்பலகை மாட்டி, அஞ்சுக்கு இத்தனை என்று மார்க் எழுத ஆரம்பித்தேன்.

'பேய்க்கோட்டை'யில் எல்லோரும் முதல் பூதத்திடமே திரும்பத் திரும்பச் செத்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது, ஒன்று போட்டேன். உளுந்தூர்பேட்டையில் லாரி ஓட்டும் பாஷா பாய் பலகையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாம்மா இது, சாவறதுதான் அந்த ஆட்டமே. சாவாம போய்ச் சேரணும்னா நான் லாரியே ஓட்டிக்கினு இருக்க மாட்டனா?"

அந்த ஒன்றை நாலாக்கினேன்.

மலைக்காரர் சொன்ன குறை

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். பேய்க்கோட்டை ஆடினவன் அதைப் புகழ்வான், 'பனிமலை' ஆடினவன் இதைப் புகழ்வான். இரண்டையும் முடித்த ஒரே ஆளிடம்தான் எது மேல் என்று கேட்க வேண்டும். அப்படி எனக்குக் கிடைத்தவர் அண்ணாமலை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி லோடோடு இறங்கி வருவார், லோடு இறங்கும்வரை ஆடுவார்.

பனிமலையில் வாள்வீச்சு சுகம் என்றார். விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் சுலபமாம். பிறகு தலையை ஆட்டினார்: "மலைய அழகா போட்டுக்கிறாங்கக்கா. ஆனா அவ்ளோ ஏத்தம் ஏறியும் ஒருத்தனுக்காவது மூச்சு வாங்குதா பாரு."

அவர் பேச்சை நம்பி இரண்டு போட்டேன்.

சாக்பீஸ்

பேய்க்கோட்டையில் தீப்பந்தம் எரியும், அதனால் மஞ்சள் சாக்பீஸ். பனிமலைக்கு நீலம். கொடிக்கம்பத்தின் நிறத்தை வைத்தே இது எந்தச் சாதித் தெரு என்று சொல்லிவிடும் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். ஊர்வலம் வருகிற நாட்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முகப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. யாரோ பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். மறுநாள் ஷட்டருக்கடியில் குனிந்து ஒருவர் வந்தார், தோளில் மஞ்சள் துண்டு. பலகையை நிதானமாகப் படித்தார். "மஞ்சளுக்கு நாலு, நீலத்துக்கு ரெண்டு. சரியாத்தான் எழுதிக்கிற. அழிச்சிடாத."

திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பெஞ்சு

சாயங்காலம் நீலக்கொடித் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மலை ஏறினால் மூச்சு வாங்க வேண்டும், இந்த ஆட்டத்தில் வாங்கவில்லை, அதனால்தான் குறைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

அதே தெருப் பையன் ரவி, மஞ்சள்கொடித் தெருவிலிருந்து வரும் வடக்கனந்தல் செல்வம், இருவரும் பாலிடெக்னிக் சிநேகிதர்கள். ஒரே பெஞ்சில் பேய்க்கோட்டை ஆடுவார்கள், ஒருவன் செத்தால் அடுத்தவன் வாங்கிக்கொள்வான். அந்த வாரம் ரவி தனி பெஞ்சில் உட்கார்ந்து பனிமலை கேட்டான். செல்வம் திரும்பிப் பார்க்கவில்லை. ஏம்ப்பா என்று மெதுவாகக் கேட்டேன். "பனிமலைய எனக்குப் புடிக்கவே புடிக்காதுக்கா. இப்ப வுட்டுக்குடுக்க முடியாம பண்ணிட்டாங்க."

பிறகு இரண்டு பேருமே வருவதில்லை. ரவி அப்படிச் சொன்ன மறுநாளே ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, எல்லா ஆட்டத்துக்கும் வெள்ளைச் சாக்பீஸில் அஞ்சுக்கு மூணு என்று எழுதிவிட்டேன்; கண்ணாடி இன்றுவரை உடையவில்லை, பலகையை இப்போது யாரும் படிப்பதுமில்லை.