ஸ்டெல்லா அக்காவின் திறந்திருந்த காது

அன்று வெள்ளிக்கிழமை. பிரிட்டனில் புது இசைத்தட்டுகள் வெளியாகும் நாள். அந்தப் பாட்டுகளைக் கேட்கிறவர்கள் போனில் சேர்ந்த எங்கள் குழுவுக்கு அது ஸ்டெல்லா அக்காவின் விமர்சனக் குரல் வரும் நாள். பலாங்கொடையில் நான் வேலை செய்யும் போன் கடையில் யாருடையதோ ஓர் உடைந்த திரையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா காலையில் அனுப்பிய குரல் பதிவை இன்னும் கேட்டிருக்கவில்லை. அப்போது நுவன் கடைக்குள் வந்தான். அக்கா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் அவன். குழுவில் கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்றுதான் கூப்பிடுவான். டிக்கெட் பை தோளிலேயே இருந்தது.

“மல்லி, ஸ்டெல்லா அக்காவக் குளவி கொட்டிருச்சு. நம்ம பஸ்லதான் கொண்டு வந்தோம்.”

“எந்த வார்டு?”

“வார்டு இல்ல மல்லி. பெற்றோல் ஷெட்டத் தாண்டும்போதே முடிஞ்சிருச்சு.”

கையிலிருந்த ஸ்குரூவை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அந்தக் குரல் பதிவைத் தட்டினேன். சற்றுமுன் இறந்தவர் உற்சாகமாகப் பேசினார்: “வணக்கம் மக்களே. இன்னைக்கு லீட்ஸ்ல இருந்து நாலு பயலுக. முழுத் தட்டும் மழையப் பத்தியே பாடுறானுக. ஆனா ஒருத்தன்கூட நனையல.” பின்னால் பெண்கள் சிரித்தார்கள். நுவனும் சிரித்துவிட்டான். பிறகு கடை வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை டிக்கெட் பையில் புதைத்துக்கொண்டான்.

இதை அந்தக் குழுவில் இருந்த உங்களுக்காக எழுதுகிறேன். உங்களில் சிலர் கொழும்பில் கடைகளில் நிற்கிறீர்கள், சிலர் குருவிட்டையில், ஒருவர் லண்டனில் சமையலறையில். பெரும்பாலானவர்களுக்கு அக்கா ஒரு குரல் மட்டும்தான். அந்தக் குரலுக்குப் பின்னால் கொழுந்துச் சாக்கை இடுப்பில் கட்டிய ஒரு பெண் நின்றார். கித்துல்கலையில், ஆற்றில் படகு விடும் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றில் சமையலுக்கு இருந்தபோது இந்த இசை அவருக்குப் பிடித்துப்போனது. நாட்டின் நெருக்கடியில் விடுதி மூடப்பட்டது. அக்கா தோட்டத்துக்குத் திரும்பி மறுபடி கொழுந்து பறிக்கப் போனார். பாட்டை விடவில்லை. “இங்கிலீசு பாதிதான் விளங்கும் தம்பி. மீதிய நாமளே போட்டுக்க வேண்டியதுதான்” என்பார்.

அவருடைய விமர்சனத்தில் நட்சத்திரம் கிடையாது. தோட்டத்தில் நிறைவாகக் கொழுந்து பறித்தால் அன்றைய நாளுக்கு முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். அக்கா அதே கணக்கை இங்கிலாந்துக்காரர்களுக்கும் போட்டார். ஒரு புதுக் குழுவின் முதல் தட்டைப் பற்றி அவர் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்: “டிரம் அடிக்கிற பையன் மட்டுந்தான் வேல செய்றான். மத்தவனுக வந்து நின்னுட்டுப் போயிட்டானுக. அவனுக்கு முழுப் பேர், மத்தவனுகளுக்கு அரைப் பேர்.” கிடங்கில் இரவு வேலை பார்ப்பதைப் பற்றி ஒரு கிளாஸ்கோ பெண் பாடிய பாட்டுக்கு மட்டும் பேரே போடவில்லை. “இவ நம்ம லயத்துப் புள்ள” என்று, தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவளைச் சொல்வதுபோல் முடித்துக்கொண்டார்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுத மாட்டேன். இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஒரு குழுவின் தட்டைக் கேட்டுவிட்டு, “கிட்டாரே இல்ல. வாங்க வழியில்லையா இவங்களுக்கு? அரைப் பேர்” என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தவறைக் குழுவே கேலி செய்து கொண்டாடியது.

“அக்கே, கிட்டார் ரைட் சைட்ல இருக்கு. காது போச்சா?” என்றான் நுவன்.

“காது போகல மல்லி. அந்தக் காது வேலையில இருக்கு.”

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மலையில் நிற்கும்போது அவர் இடது காதில் மட்டும்தான் இயர்போன் வைப்பார். பாட்டின் வலப் பக்கம் முழுவதும் அவருக்கு விழாது. ஞாயிற்றுக்கிழமை சேர்ச் முடிந்து வீட்டில் இரண்டு காதிலும் கேட்டுவிட்டு மறு தீர்ப்பு அனுப்பினார்: “மன்னிக்கணும். கிட்டார்க்காரன் காலையில பேர் பதியிற பெரட்டுக்கு வந்துதான் இருக்கான், நான்தான் பாக்கல. முழுப் பேர்.” அன்றிலிருந்து எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒற்றைக் காது விமர்சனம், ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் காது விமர்சனம். மலையிலேயே இரண்டு காதிலும் இயர்போன் வைத்துக்கொண்டால் விமர்சனம் ஒன்றோடு முடியுமே என்று ஒருமுறை கேட்டேன். “மலையில ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது உசுருக்கு” என்றார்.

குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், தேயிலை பறிக்கிறவருக்கு எதற்கு இங்கிலீஷ் ரொக் என்று கேட்டார். நான் பொங்கி எழுந்து பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்காவின் பதில் வந்துவிட்டது: “எங்க கொழுந்த அவங்க குடிக்கிறாங்களே, ஏன்னு போய்க் கேட்டீங்களா சேர்?” நான் தட்டியதை அழித்துவிட்டேன்.

இப்போது அடக்கத்துக்கு வருகிறேன். சவப்பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். தோட்டத்து நிர்வாகியான துரை வந்து இரங்கல் சொன்னார். மலையில் வேலையை மேற்பார்க்கும் வெளிக்கள உத்தியோகத்தர் அதைத் தமிழில் சொன்னார். நல்ல தொழிலாளியாம். ஆனால் இரண்டு காதையும் பாட்டால் அடைத்துக்கொண்டு வேலை செய்ததால் மற்றவர்கள் கத்தியது கேட்கவில்லையாம். பிள்ளைகள் இதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அவர் செத்தது ஓர் அதிர்ச்சி என்றால், செத்தவர்மீதே அந்தச் சாவைத் தூக்கிப் போட்டது அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

அக்காவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் ராணி அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். கழுத்திலும் காதிலும் கொட்டிய வீக்கம் அவருக்கு வடிந்திருக்கவில்லை.

“பொய் தம்பி. மொதல்ல கத்துனதே அவதான். ‘குளவிடி, சாக்கப் போத்திக்கிட்டுப் படுங்கடி’ன்னா. எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. அவளுக்குத்தான் கேட்டுச்சு.”

“அப்ப அவங்க ஏன் தப்பல?”

“குளவிக் கூடு தொங்குன மரத்துக்கு நேர் கீழ் நிரை அவளுக்கு. கங்காணி பிரிச்சுக் குடுத்தது. அந்தக் கூட்ட நாங்க காட்டாத ஆள் இல்ல. இன்னைக்கு எடுக்குறோம், நாளைக்கு எடுக்குறோம்னாங்க. அப்புறம் அது காட்டு மரம், தொட முடியாதுன்னாங்க.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத் தோட்டத்து லொறி இல்லையா?”

“கொழுந்து வாடிரும்னு ஃபெக்டரிக்குப் போயிருச்சு. நாங்க கம்பளியில கட்டி ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்தோம்.”

இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். வேறு மாதிரி எழுத வரவில்லை. கொழுந்து வாடக் கூடாது. மனுஷி வாடலாம்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, இனிமேல் மலைக்குப் போன் கொண்டு போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்களாம். இந்தச் சாவு பற்றி அடுத்த வாரம் நடக்கும் விசாரணையில் எல்லாரும் ஸ்டெல்லாவின் இரண்டு காதிலும் இயர்போன் இருந்ததாகச் சொல்லிவிட்டால் தோட்டத்துக்குப் பிரச்சினை வராது என்றும் வெளிக்கள உத்தியோகத்தர் மெதுவாகச் சொன்னாராம்.

“ஐயா, நீங்க குளவிக் கூட்ட எடுங்க, நாங்க போன எடுத்து வைக்கிறோம்” என்றாராம் ராணி அக்கா.

“இந்தா பாரு ராணி, செத்தவ திரும்பி வரப் போறாளா?”

“அவ வர மாட்டா. அந்த நிரைக்கு நாளைக்கு யார் போறது, நீங்களா?”

அன்று அந்த மலைக்கு யாரும் ஏறவில்லை. விசாரணையில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ராணி அக்காவுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை போனால் லயத்து அறையும் போகும். பயமாக இருக்கிறது என்றுதான் என்னிடம் சொன்னார். ஆனாலும் நடந்ததைச் சொல்ல விசாரணைக்குப் போகிறார்.

நம் குழுவில் எல்லோருக்கும் பிடித்த ஓர் இங்கிலாந்துப் பாடகர் போன வருடம் செத்துப்போனார். அவருடைய கடைசித் தட்டு வந்தபோது குழுவில் ஒரே அழுகை, ஒரே புகழ். அக்கா மட்டும் அரைப் பேர் போட்டார். செத்த மனுஷனுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டக்கூடாதா என்று எல்லோரும் ஏசினோம். “செத்ததுக்கு நானும் அழுதேன் தம்பி. அதுக்காகப் பொய் சொன்னா, அவருக்குத்தான் மரியாதக் கேடு” என்றார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஒட்டியிருக்கும் அஞ்சலிச் சுவரொட்டிகளில் இறைவன் அழைத்துக்கொண்டார் என்று போட்டிருக்கிறது. நான் அப்படி எழுத மாட்டேன். எங்கள் ஸ்டெல்லா அக்கா, எல்லோரும் பார்த்து யாரும் அகற்றாத ஒரு கூட்டுக்குக் கீழே நிறுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை நாளில் ராணி அக்கா தனியாகப் போக மாட்டார். நுவன் லீவு போட்டுவிட்டான், நானும் கடையில் சொல்லிவிட்டேன். உங்களில் வர முடிந்தவர்கள் வாருங்கள். வர முடியாதவர்கள், மலையில் அவர் எப்படி ஒற்றைக் காதில் பாட்டுக் கேட்டார் என்று உங்களுக்குத் தெரிந்ததை, விசாரணையில் கொடுக்க, உங்கள் குரலில் அனுப்புங்கள். அழுகையை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.