இடது கையில் வாங்கிய கன்ட்ரோலர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதிலும் நான் எழுதிய புரோகிராமைக் குறை சொன்னால் கேட்கவே வேண்டாம். மைசூருவில் ஒரு பிசியோதெரபி மையத்துக்காக ஒரு விளையாட்டு செய்துகொடுத்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால், கண்முன்னே பாதி கட்டிய சுவர் தெரியும். கையில் பிடித்த கன்ட்ரோலரைத் தூக்கினால் உள்ளே ஒரு கையுறை எழும்பும்; செங்கல்லை எடுத்து வரிசையில் வைக்கும். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்தவர்களுக்கான பயிற்சி என்பதால் வலது கையுறை மட்டும்தான் வரைந்திருந்தேன். இடது கை மடியில் கிடந்தபடி இன்னொரு கன்ட்ரோலரின் பொத்தானை அழுத்தினால் போதும், அடுத்த செங்கல் வரும்.

முதலில் உட்கார்ந்தவர் ஒரு மேஸ்திரி. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளிக்காரர். இருபத்தைந்து வருஷமாக மைசூருவில் கட்டட வேலை. சுவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் எவ்வளவு முக்கியும் கையுறை அசையவே இல்லை. பத்து நிமிஷம் கழித்து ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார்.

"விடுங்க அம்மணி. கம்ப்யூட்டரே சொல்லிப்போடுச்சு, இந்தக் கை அவ்வளவுதான். சாந்து பூசற கரணைய மச்சான்கிட்டக் குடுத்துப்போட்டு ஊருக்குப் போயிடறேன்."

அவருக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒரு கன்னடப் பெண். தமிழும் பேசுவார். என்னைத் தனியாக அழைத்து, "ஸ்வல்பம்தான், ஆனா கையத் தூக்கறாரு. நான் கண்ணால பாத்தேன். உங்க புரோகிராம்ல என்னன்னு பாருங்க" என்றார்.

"என் புரோகிராம் சரியாத்தான் இருக்கு" என்றேன் வெடுக்கென்று.

திரும்பி வந்து சோதித்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆபீசில் நாலு பேரிடம் கன்ட்ரோலர்களை நீட்டினேன். நாலு பேருக்கும் கையுறை சொன்னபடி கேட்டது. அவர் கை அசைவது போதவில்லையோ என்று, விரலளவு அசைந்தாலே கையுறை துள்ளும்படி மாற்றினேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. நான் எழுதியது சரி என்றால் அந்த மனுஷர் கை போய்விட்டது என்று அர்த்தம். நான் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பிசியோதெரபிஸ்ட் கெஞ்சிக் கூத்தாடி அவரை வரவழைத்திருந்தார். இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டே மேஸ்திரி உட்கார்ந்தார். நான் ஒரு கன்ட்ரோலரை நீட்டினேன். அவர் இடது கையை நீட்டிக் கூச்சத்தோடு சிரித்தார்.

"இடது கையில வாங்கறன்னு தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. அந்தக் கை வந்து வாங்காது."

அவர் வாங்கியதும் கன்ட்ரோலரின் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் மற்றொன்றை அவருடைய வலது கையில் பட்டையால் கட்டினார் பிசியோதெரபிஸ்ட். அடப்பாவி, இதுதானா என்று இருந்தது எனக்கு.

கையில் எடுத்ததும் விழித்துக்கொள்ளும் கன்ட்ரோலர்களைப் பிரவுசர் ஒரு பட்டியலாகக் கொடுக்கும். எது முதலில் விழிக்கிறதோ அது பட்டியலில் முதல். அந்த முதலாவதுதான் வலது கை என்று நான் எழுதி வைத்திருந்தேன். எங்கள் ஆபீசில் யார் இடது கையால் ஒன்றை வாங்குவார்கள்? சின்ன வயதில் அதற்காகக் குட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். நீட்டினால் வலது கைதான் முன்னே வரும், என் கணக்கும் சரியாகவே வந்துகொண்டிருந்தது. இவருக்கோ, மடியில் சும்மா கிடந்த இடது கையைத்தான் கையுறை பின்பற்றியிருக்கிறது. இத்தனைக்கும் நீ எந்தக் கை என்று கேட்டால் ஒவ்வொரு கன்ட்ரோலரும் தானே பதில் சொல்லும். மகராசி நான் கேட்டால்தானே.

"அஞ்சு நிமிஷம் இருங்க" என்று லேப்டாப்பைத் திறந்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி அந்த வரியை மாற்றினேன். போன வாரம் துள்ள வைத்ததையும் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். அவரை ஏமாற்றித் தூக்க வைக்க எனக்கு இஷ்டமில்லை. பக்கத்தைப் புதுப்பித்தேன்.

கையுறை எழும்பியது. தள்ளாடிப் போய்ச் செங்கல்லைத் தொட்டது, தூக்கியது, கோணலாக வைத்தது. மேஸ்திரி பொத்தானை அழுத்தி அடுத்ததை வரவழைத்தார். நாலு செங்கல் வைத்த பிறகுதான் ஹெட்செட்டைக் கழற்றினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னைக்கும் கை தூக்குச்சுங்களா?"

"தூக்குச்சுங்க. நான்தான் தப்பான கையப் பாத்துட்டு இருந்தேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உங்க தப்புதானுங்களா? அப்பாடா" என்றார். என் தப்பைக் கேட்டு இத்தனை சந்தோஷப்பட்டவர் வேறு யாருமில்லை. எனக்கும் ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. பிசியோதெரபிஸ்டிடம் மன்னிப்பும் கேட்டேன். "இன்னும் மாசக்கணக்குல பண்ணணும்" என்று மட்டும் அவர் சொன்னார்.

கிளம்பும்போது மேஸ்திரி இடது கையில் இருந்த கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தார். வலது கைப் பட்டையைத் தானே அவிழ்த்தார்.

"கரணைய யாருக்கும் குடுக்கலைங்க" என்றபடி அந்த வலது கையில் இருந்த கன்ட்ரோலரை அந்தக் கையாலேயே என் பக்கம் நீட்டினார். கை நடுங்கிக்கொண்டு மெதுவாக வந்தது. நான் பாய்ந்து வாங்காமல், என் வலது கையை நீட்டிக் காத்திருந்தேன்.