கடாவின் காது வில்லை

அக்காவுக்குக் கடைசிச் சேலை உடுத்துவதற்காக அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். செபமாலை வைக்கும் சின்ன டப்பாவுக்குள் அந்த வில்லை கிடந்தது. கட்டைவிரல் நகத்தளவு அலுமினியத் துண்டு. ஆட்டின் காதில் குத்துகிற முனை ஒரு பக்கம் மடங்கியிருந்தது. எண்கள் தேய்ந்து, தடவினால் மட்டும் தெரிந்தன. என் மருமகள் அதைக் குப்பையென்று நினைத்து வெளியே எறியப் போனாள். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பிணத்தின் தலைமாட்டில் நகைக்குச் சண்டை போடுகிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அந்த வில்லையோடு சேர்ந்து எனக்கு ஞாபகத்துக்கு வருவதும் அப்படியொரு முகம் எரிந்த நாள்தான்.

அறுபதுகளின் பிற்பாதி. கடல் தாண்டித் தீவில், சௌல்தாரி என்கிற ஊரில் இருந்தோம். அத்தான் தச்சர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு கான்ட்ராக்டரோடு கப்பல் ஏறி வந்தவர், பிறகு அக்காவை அழைத்துக்கொண்டார். அக்காவுக்குத் துணை என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன். அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற வயது. கடலை நம்பியே பிழைத்த எங்களுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும்? குடியேறியவர்களுக்கு சர்க்கார் ஆடு கொடுத்தது, வாங்கிக் கட்டினோம். இரண்டு பெட்டை, ஒரு கடா. ஒவ்வொன்றின் காதிலும் ஒரு வில்லை. அந்த ஊர் மழையில் பெட்டைகள் குளம்பு அழுகி நொண்டின. கடா மட்டும் எதற்கும் அசையாமல் கொழுத்தது. கறுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. அக்கா அதைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், “வே” என்பாள். அதுவும் திரும்பிப் பார்க்கும்.

கொடுத்த ஆடுகள் மந்தையில் எவ்வளவு காலம் தங்குகின்றன என்று கண்டுபிடிக்க ஒரு கால்நடை டாக்டர் வருவார். மதுரைக்காரர். எல்லோரும் அவரை டாக்டர் சாப் என்றார்கள். மூன்றே கேள்விதான் கேட்பார். ஆடு எப்போது வந்தது, எப்போது போனது, எப்படிப் போனது. மனிதருக்கு இன்சூரன்ஸ்காரர்கள் போடுகிற ஆயுள் கணக்கை இவர் ஆட்டுக்குப் போடுகிறாராம். “ஆட்டுக்கு இன்சூரன்ஸ் வருதாம், நாமினி யாருடீ?” என்று பெண்கள் சிரிப்பார்கள். அவர் பட்ட பாடெல்லாம் ஒரே ஒரு வார்த்தையால்தான். ஆடு எங்கே என்று யாரைக் கேட்டாலும், வங்காளியாகட்டும் தெலுங்கராகட்டும் நாங்களாகட்டும், “கத்தம்” என்போம். ஊர் இந்தியிலிருந்து வந்து எங்கள் தமிழிலும் குந்திக்கொண்ட வார்த்தை. அரிசி தீர்ந்தாலும் கத்தம், மழை விட்டாலும் கத்தம். “கத்தம்னா செத்துதா, வித்தீங்களா, அறுத்தீங்களா, தொலைஞ்சுதா? ஒவ்வொண்ணும் வேற வேறம்மா” என்று தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் அத்தான் கடாவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு போனார். மத்தியானம் கயிறு மட்டும் வந்தது. அக்கா வாசலில் நின்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். “கடாவக் குடுத்துட்டேன். டிக்கெட்டுக்குச் சரியாப் போச்சு. கப்பல் வந்திருக்கு, போறேன்” என்றார். எங்கள் வீடுகளில் கடைத்தெருவுக்குக் கிளம்பினாலும் “போயிட்டு வாறேன்” என்றுதான் சொல்வோம். “போறேன்” என்று சொல்லிவிட்டால் பின்னாலேயே ஓடிப்போய் மாற்றிச் சொல்லச் சொல்வார்கள். அக்கா ஓடவில்லை. “ஒரு வாய் தின்னுட்டுப் போங்க” என்றாள். அவரும் உட்கார்ந்து தின்றார். வீட்டில் சண்டை எதுவும் இல்லை. ஏன் போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தால் அவளோடு போய்விட்டது.

அடுத்த நாளே அக்கா ஊருக்கு இரண்டு சேதி சொன்னாள். மெயின்லாண்டில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, அவுக பார்க்கப் போயிருக்காக, அடுத்த கப்பலில் வந்துருவாக என்பது ஒன்று. கடா காட்டுப் பக்கம் மேயப் போய்த் தொலைந்துவிட்டது என்பது இன்னொன்று. கடா போனதையும் புருஷன் போனதையும் யாரும் சேர்த்து யோசித்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. பக்கத்து வீட்டு ஆண்கள் பாவம், சேற்றில் இறங்கி அட்டைக்கடி பட்டுத் தேடினார்கள். டாக்டர் சாப் வந்தபோதும் தொலைந்தது என்றே சொன்னாள். “அப்பாடா, கத்தம்னு சொல்லாம இருந்தீங்களே” என்று அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். தொலைந்த பொருளுக்கு எங்கள் வேதத்தில் அந்தோனியாரைத்தான் கேட்பது வழக்கம். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பெண்கள் கூடி கடாவுக்காகச் செபம் சொன்னார்கள். அக்கா எல்லோரையும்விட உரக்கச் சொல்வாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குத் தலையை நிமிர்த்தவே முடியாது. கப்பல்கள் வந்தன. அத்தான் வரவில்லை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, செபம் முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம், டாக்டர் சாப் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். இடறிய கணக்கு சரியாக வந்துவிட்ட மனிதருடைய முகம்.

“அம்மா, உங்க கடா தொலையலை! கராச்சர்மால ஒரு பெரியவர் மந்தையில நிக்குது. உங்க வில்லைதான், நானே தொட்டுப் பார்த்தேன். ஒரே நம்பர் ரெண்டு இடத்துல வருதேன்னு ஒரு வாரமா மண்டை காஞ்சு போச்சு.”

பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அந்தோனியார் படத்துக்கு முன்னால் விழுந்து முத்தம் கொடுத்தாள். புதுமை, புதுமை என்று வெளியே கூவினார்கள், ஆண்களும் வந்துவிட்டார்கள். பிறகு யாரோ கேட்டார்கள், அது எப்படி அங்கே போச்சு? டாக்டர் சாப் தயங்கினார். “யாரோ ஒரு மதராஸிகிட்ட வாங்கினேங்கிறார். பேர் தெரியலையாம்.”

“திருட்டு சோர் வேற என்ன சொல்லுவான்?” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். “இங்க பாதிப் பேர் மதராஸிதானே. நாளைக்குக் காலம்பற மொத பஸ்ல போறோம். கிழவனைத் தானாவுல ஒப்படைச்சுட்டுக் கடாவோட வாறோம். தங்கச்சி, நீ கவலைப்படாத.”

அக்கா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பின்னாலிருந்து அவள் முழங்கையைக் கிள்ளினேன். பலமாகவே கிள்ளினேன். முகம் தெரியாத ஒரு கிழவர் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், எங்கள் மானம் வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும் என்றுதான் எனக்குப் பட்டது. அக்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

“அந்தப் பெரியவர் திருடல. அவுகதான் வித்தாக. வித்து டிக்கெட் எடுத்துட்டுக் கப்பல் ஏறிட்டாக.”

பெண்கள் கையிலிருந்த தம்ளர்களைக் கீழே வைத்தார்கள்.

“மாமியாருக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காக. வருவேன்னு அவுக சொல்லல. நான்தான் சொன்னேன்.”

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரும் திட்டவில்லை. சேற்றில் இறங்கித் தேடிய அந்த அண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருத்தியாக வெளியேறினார்கள். பாதி குடித்த தேநீர் தம்ளர்கள் தரையில் வரிசையாக இருந்தன. டாக்டர் சாப் சாரி, சாரி என்று இரண்டு முறை சொன்னார், யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு அந்த மண் தரை பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. அக்கா மேல் அப்படி ஒரு கோபம். ஓடிப்போனவனின் பெண்டாட்டியுடைய தங்கச்சி, இனி என்னை யார் கட்டுவார்கள் என்ற கோபம். அவள் தம்ளர்களைப் பொறுக்கிக் கழுவினாள். அவள் கையில் நான் கிள்ளிய இடம் சிவந்து கிடந்தது.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. அக்கா தனியாகச் செபம் சொன்னாள், உரக்க அல்ல. டாக்டர் சாப் மட்டும், மாற்றலாகி மெயின்லாண்டுக்குப் போகும் முன்பு ஒரு தடவை வந்து, தன் கணக்கைப் படமாக வரைந்ததைக் காட்டினார். கட்டம் போட்ட தாளில் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு இறங்கிக்கொண்டே போனது. மந்தையிலிருந்து ஒரு ஆடு போனால் கோடு ஒரு படி இறங்குமாம். “எங்க கடா எங்க இருக்கு?” என்று அக்கா கேட்டாள். அவர் ஒரு படியைத் தொட்டுக் காட்டினார். வித்தது என்று தெரிந்ததால் ஒரு படி.

“தொலைஞ்சுதுன்னே நான் விட்டிருந்தா?”

“அப்ப படி இறங்காதும்மா. கோட்டு மேலயே இந்த மாதிரி ஒரு சின்னக் கோடு.” பென்சிலால் குறுக்கே கீறினார். “இந்த நாள் வரைக்கும் இருந்துச்சு, எங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் தெரியாது. தெரியாததைச் செத்ததுன்னும் எழுதக் கூடாது, இருக்குன்னும் எழுதக் கூடாது.”

அக்கா அந்தச் சின்னக் கோட்டை வெகு நேரம் பார்த்தாள். கல்லறைத் திருநாளுக்குச் செத்தவர்கள் பெயரைக் கோயிலில் எழுதிக் கொடுப்போம் அல்லவா, அதில் அவள் அத்தான் பெயரை ஒரு வருஷமும் கொடுத்ததில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்காக வைக்கிற பூசைக்கும் கொடுத்ததில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை. வீம்பு பிடித்தவள் என்று ஊரில் பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

சில வருஷம் கழித்து, என் கல்யாணம் முடிந்து நான் டெய்ரி ஃபார்ம் என்கிற ஊருக்கு வந்த பிறகு, ஒரு நாள் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். கராச்சர்மாப் பெரியவர் பஸ் ஏறி வந்திருந்தார். அப்போதுதான் அவரை முதல்முறை பார்த்தேன். ஒடிசலான மனிதர். தன் பொருட்டு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று யார் மூலமோ கேள்விப்பட்டிருக்கிறார். மடியிலிருந்து வில்லையை எடுத்து அக்காவின் கையில் வைத்து, “பேட்டி, தேரா பக்ரா கத்தம்” என்றார். உன் கடா முடிந்தது, மகளே. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தான் போன நாளில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பெரியவர் போன பிறகு, “இதுக்காவது முடிவு தெரிஞ்சுதே” என்றாள்.

இன்று கோயிலிலிருந்து உபதேசியார் அடக்கப் பதிவுக்காக வந்து உட்கார்ந்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் சொன்னேன். “கணவர்?” என்றார். வீடு நிறைய ஆட்கள். அவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மருமகள் என் முழங்கையை இடித்து, “தவறிட்டாகன்னு சொல்லிருங்க அத்தை, வயசுக்கு எப்படியும் இருக்க மாட்டாக” என்று காதில் சொன்னாள். நியாயமான பேச்சுதான். நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. மூடிய கைக்குள் வில்லையின் முனை குத்தியது.

“கப்பல் ஏறுற வரைக்கும் இருந்தாக. அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது” என்றேன்.

“அப்படி எழுத இடமில்லியேம்மா. விதவைன்னு போடணும், இல்ல இன்னார் மனைவின்னு போடணும்.”

“அப்ப ஒரு சின்னக் கோடு போடுங்க” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கோடு போட்டார். நான் எழுந்துபோய், செபமாலை சுற்றியிருந்த அக்காவின் கைக்குள் வில்லையை வைத்து மூடினேன். அவளுடைய முழங்கையை ஒரு தடவை தடவிக் கொடுத்தேன்.