மாப்பிள்ளை பற்றவைத்த டிஸ்க்

கறார் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை மகளின் வாயிலிருந்து, அதுவும் வசவோடு.

"பெரியம்மா, அந்தக் கறார் மெக்கானிக்கு என் வண்டிச் சாவியைப் பிடுங்கி வச்சுக்கிட்டாரு. பத்து மணிக்கு நான் மலை இறங்கணும்" என்று போனில் கத்தினாள்.

மலைமேல் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ரத்தத்தைக் கீழே பரிசோதனைக்குக் கொண்டுபோகும் வேலை அவளுக்கு. சேர்ந்து பத்து நாள். ஒரு நாள் தவறினால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அவர் கடை பக்கத்துத் தெருவில்தான் என்பதால் ஓடினேன்.

அவள் வண்டியின் முன்சக்கரத்தை மடியில் வைத்து, பிரேக் டிஸ்க்கை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அது அசையவில்லை.

"யாரு பத்த வச்சது?"

"எங்க வீட்டுக்காரர். கடகடன்னு சத்தம் வந்துச்சுண்ணே."

எங்கள் மாப்பிள்ளை வெல்டிங் பட்டறையில் ஜன்னல் கம்பி செய்கிறவர். ஆடுகிற இரும்பைக் கண்டால் கை சும்மா இராது. பெண்டாட்டி மேல் இருந்த பாசத்தில் செய்தது.

"வேலை சுத்தம். ஜன்னலுக்கு" என்றார் கறார். "இது ரெண்டு வளையம் தங்கச்சி. நடுவுல இந்தப் பொத்தானுங்க பிடிச்சிருக்கு, கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மலை இறங்கும்போது வெளிவளையம் சூடாகி விரியும், அதுக்கு எடம் வேணும். உன் ஆளு எடத்தை அடைச்சுட்டாரு."

டிஸ்க்கைக் கழற்றி, சமமான கண்ணாடிப் பலகைமேல் வைத்தார். ஒரு பக்கம் வளைந்து நகக்கனம் தூக்கி நின்றது.

"நேத்து பிரேக் பிடிச்சப்ப கைப்பிடி அதிர்ந்துச்சா?"

"லேசா" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அப்ப என் வேலை?"

கறார் தன் பழைய வண்டியின் சாவியை நீட்டினார். "இதுல டிஸ்க்கு ஒரே தகடு. ஊருக்குள்ள ஓட்ட அது போதும். மலைக்குன்னா சூட்டை அண்ட விடக்கூடாது. கியரைக் குறைச்சுப் போ, ரெண்டு எடத்துல நின்னு ஆற விடு."

அவள் போனபின் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரே போல்ட்டை நாலு தடவை துடைத்தார். கண் முழுக்க என் போனில். மணி அடித்தது.

"குடுத்துட்டேன் பெரியம்மா. நேரத்துக்கு."

"அப்பாடா" என்றது நானல்ல, அவர்.

மறுநாள் மாப்பிள்ளை புது டிஸ்க்கோடு போய், அவர் கடையின் உடைந்த ஷட்டரைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் பிள்ளை முழுசாக வீடு திரும்பியது அந்த மனுஷனின் பிடிவாதத்தால். அந்த வேலையில் அவள் நிரந்தரமாகி ஆறு வருஷம் ஆகிறது.

வயதாகிவிட்ட கறார் இப்போது தன் மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். காலையில் கடைக்கு வந்து, மதியம் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்.