வயலின் அலமாரியில் ஒரு பாட்டு நோட்டு

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பழைய வீட்டை இசை நூலகமாக வைத்திருக்கிறார்கள். போன சீசனில் என்னை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பூட்டியவர் மேல் தப்பில்லை. குரங்கு புகுந்து புத்தகத்தைக் கிழிக்கும் என்று, சாப்பிடப் போகும்போதெல்லாம் நூலகக்காரர் வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். அலமாரிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. நான் ஒளிந்துதான் உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

பேத்தி காலேஜில் தமிழ் படிக்கிறாள். கவிதைக்கு மெட்டுப் போட்ட பாட்டுகளைப் பற்றி அவளுக்கு ஒரு ப்ராஜெக்ட். அதில் முதல் பாட்டே, கல்யாண ஊஞ்சலுக்கு நான் பாடுகிற பாட்டு. ‘பாட்டும் மெட்டும்: என் ஆச்சி’ என்று டைப் அடித்துவிட்டாள். திங்கட்கிழமை காலேஜில் கொடுக்க வேண்டும்.

பாட்டும் என்னுடையதில்லை, மெட்டும் என்னுடையதில்லை.

தென்காசியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு பாட்டு வாத்தியார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுவார். நான் இந்தப் பக்கம் மசாலா அரைத்துக்கொண்டே கேட்பேன். மூன்று சரணம் தெளிவாகக் கேட்கும். நாலாவது வரும் நேரம் பார்த்து என் மாமியாருக்குக் காப்பி வேண்டும்.

நாத்தனார் கல்யாணத்தில் அதைப் பாடினேன். “யாருட்டி சொல்லித் தந்தா?” என்று மாமியார் கேட்டார். அடுத்த வீட்டு ஆம்பளை பாடியதைச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன் என்று புது மருமகள் சொல்ல முடியுமா? “நானே கட்டுனது அத்தை” என்றேன். கேட்காமல் போன நாலாவது சரணத்தை நான்தானே கட்டியிருந்தேன், கால்வாசி உண்மை. மிச்ச முக்கால்வாசிக்குள் அன்று மாட்டியவள்தான்.

வாத்தியார் காலமான பிறகு அவர் நோட்டுகளை இந்த நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேத்தி அங்கே தேடப் போகிறாள் என்றதும் நானும் ஒட்டிக்கொண்டேன்.

“உனக்கு அங்கன என்ன வேலை ஆச்சி?”

“ஏன், குற்றாலம் வந்தா அருவியிலதான் நிக்கணுமா? ஃபேனுக்கு அடியில நிக்கப்பிடாதா?”

அவள் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் நான் தேடினேன். வாய்ப்பாட்டுப் புத்தகங்களை ராகம் ராகமாக அடுக்கியிருந்தார்கள். எனக்கு ராகத்தின் பேர் எதுவும் தெரியாது. நல்லவேளை, பாட்டின் முதல் வரியை எழுதிய அட்டைகள் ஒரு டிராயரில் இருந்தன. மூணாங்கிளாஸ் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பிடித்துவிட்டேன். வாத்தியார் கையெழுத்திலேயே நோட்டு. மேல் வரியில் ச, ரி, க. கீழ் வரியில் என் பொய்.

அப்போதுதான் செருப்புச் சத்தம் கேட்டு ஒளிந்தேன். நூலகக்காரர் கதவைச் சாத்தினார், பூட்டு விழுந்தது. கத்தியிருக்கலாம். கத்தினால் கையில் என்ன என்று கேட்பாரே.

பைக்குள் போட முடியாது; வெளியே போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பாட்டுத் தேடுகிறவர்கள் வயலின் புத்தக அலமாரிப் பக்கம் போகமாட்டார்கள். நோட்டை அங்கே அடியில் செருகினேன். செருகுமுன் நாலாவது சரணத்தைப் படித்தேன்.

நான் கட்டியது இப்படி: ‘பாலும் பழமும் தந்து பத்துப்பேர் சூழ்ந்திருக்க, காலும் தரைபடாமல் கண்ணே நீ ஆடு.’

அவர் எழுதியது: ‘ஆடியது போதும் அம்மா, ஊஞ்சலை நிறுத்திவிடு. வந்த வழி எந்தப் பக்கம், ஒருமுறை காட்டிவிடு.’

எத்தனை பெண்களை நான் நிறுத்தாமல் ஆட்டியிருக்கிறேன்!

ஃபேனையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார். வியர்த்துக் கொட்டியது. ஒண்ணுக்கு வேறு முட்டியது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு குரங்கு சிப்ஸ் தின்றுகொண்டே என்னை வேடிக்கை பார்த்தது. அதை விரட்டிக்கொண்டு பேத்தி வந்தாள்.

“ஆச்சி! உள்ளயா இருக்க? லைப்ரரி அண்ணாச்சிக்குப் போன் போட்டுட்டேன். ரசத்துக்கு வந்துட்டாராம். மோர் ஊத்திச் சாப்பிட்டுட்டு வாராராம்.”

“மெதுவா வரட்டும். பாயாசமும் குடிச்சிட்டு வரச் சொல்லு.”

“அவர் வந்ததும் வாய்ப்பாட்டு அலமாரி பூரா பாத்திருதேன். அங்கன உன் பாட்டு இல்லன்னா, அது உன் சொந்தப் பாட்டுன்னு எழுதிக் குடுத்திருவேன். மேம் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

ஃபைலைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். ‘என் ஆச்சி’க்குக் கீழே என் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. நாளைக்கு யாராவது வயலின் புத்தகம் எடுக்க வந்து அந்த நோட்டைப் பார்த்துவிட்டால் தலைகுனிவு எனக்கில்லை, இவளுக்கு.

“அந்தப் பேரை அடிச்சிரு.”

“எதுக்கு?”

சொன்னேன். சுவர், மசாலா, காப்பி எல்லாவற்றையும். அவள் ஃபைலைக் கம்பியிலிருந்து இறக்கினாள்.

“இவ்வளவு நாளும் எங்க எல்லாரையும் ஏமாத்திட்டு இருந்திருக்க.”

“ஆமா.”

“நோட்டு எங்க?”

“வயலின் அலமாரில.”

“களவாணி ஆச்சி!” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பேனாவை எடுத்து என் பேரை அடித்தாள். “முதல் மூணு சரணமும் மெட்டும் வாத்தியார். நாலாவது மட்டும் நீ. சரியா? அவரோட நாலாவதைப் படி, எழுதிக்கிடுதேன்.”

நோட்டை எடுத்து வந்து ஜன்னலோரம் நின்றேன். படிக்க வரவில்லை, மெட்டோடுதான் வந்தது. முதல் வரியைப் பாடி முடிக்கும்போது பூட்டில் சாவி நுழைகிற சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஒரு வரி இருக்கு” என்றேன்.