வருவதாகச் சொன்ன மெஹருன்னிஸா

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. மெஹருன்னிஸாவின் தம்பி பேசினார். "அக்கா வஃபாத் ஆயிட்டாங்க. காலைல எழுந்திரிக்கவே இல்லைங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே பனி. ஆறு எது, வானம் எது என்று தெரியவில்லை. கடைசி நிறுத்தம் வந்துவிட்டதாக நடத்துநர் சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

பயிர் நோயைச் செயற்கை நுண்ணறிவால் கண்டறியும் எங்கள் சிறு நிறுவனத்தை என்னோடு சேர்ந்து தொடங்கியவர் மெஹர். போனை இலைக்கு நேரே பிடித்தால், நோய் உண்டா இல்லையா என்று அது சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். வாழை இலையைச் சோற்றுக்குக் கீழே பார்த்ததோடு சரி. நோயுற்ற இலைகளை ஜீயபுரம் வாழைத் தோட்டங்களில் வெயிலில் நின்று படமெடுத்தோம். நல்ல இலைக்கு அவ்வளவு தூரம் போவானேன் என்று சத்திரத்து இலைக்கடையிலேயே எடுத்துக்கொண்டோம். இலை வாடாமலிருக்கக் கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். படங்கள் அழகாகத்தான் வந்தன.

எல்லாம் மழை வரும்வரைதான். ஒரு காலை ஜீயபுரத்தில் மழை விட்டதும், யார் எந்த இலையைக் காட்டினாலும் போன் 'நல்ல இலை' என்றது. புள்ளி விழுந்த இலைக்கும் அதே பதில். நாங்கள் காட்டிய நல்ல இலைகளில் மட்டும் தண்ணீர் இருந்ததால், நீர்த்துளி இருந்தால் நோய் இல்லை என்று கருவி கற்றுக்கொண்டிருந்தது. ஒரே மழையில் ஊர்த் தோட்டமெல்லாம் குணமாகிவிட்ட அந்தக் காலை, இப்போது நினைத்தாலும் கனவு போலத்தான் இருக்கிறது.

அந்த வாரம்தான் முதலீட்டாளர்கள் வருவதாக இருந்தது. சத்தமில்லாமல் திருத்திக்கொள்ள வழி இருந்தது. மெஹர் அன்றே ஜீயபுரம் போய் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: "போன் சொன்னதை நம்பாதீங்க. நாங்கதான் அதுக்குத் தப்பாக் கத்துக் கொடுத்துட்டோம். புள்ளி இருக்கற இலையை இன்னைக்கே அறுத்துடுங்க." சிலர் அவர் கண்ணெதிரிலேயே எங்கள் செயலியை நீக்கினார்கள். செய்தி எட்டியதும் முதலீட்டாளர்கள் வரவே இல்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்குப் பிறகு அவர் கருவிக்குப் புதிதாக ஒரு பதிலைச் சேர்த்தார். சந்தேகம் என்றால் அது மழுப்பக்கூடாது. அலுவலக மின்விசிறியை நிறுத்திவிட்டு, தன் குரலிலேயே பதிவு செய்தார்: "சரியாத் தெரியலைங்க. நேர்ல வந்து பாக்கறோம், இன்ஷா அல்லாஹ்." கடைசியில் வரும் 'இறைவன் நாடினால்' என்பதை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "வரோம்னு சொல்லிட்டு அதைச் சொல்லாம எப்படிங்க விடறது?" என்றார்.

சொன்னபடி போகவும் செய்தார். கருவிக்குத் தெரியாத இடத்துக்கெல்லாம் எங்களில் ஒருவர் போய் நின்றோம், பெரும்பாலும் அவரே. நீக்கியவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். மக்காச்சோளத்துக்கும் வேண்டும் என்று வையம்பட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். நாங்கள் வளர்ந்தது இப்படித்தான்.

மெஹரின் ஜனாஸா ஊர்வலம் புறப்பட்டபோது பெண்களோடு வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனைவரை வெள்ளைத் தொப்பிகள். நடுநடுவே தலையில் கைக்குட்டை கட்டிய ஜீயபுரத்துக்காரர்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நேற்று வையம்பட்டியில் ஒருவர் காட்டிய இலை கருவிக்குப் பிடிபடவில்லை. நேரில் வருவதாக மெஹரின் குரல் சொல்லிவிட்டது. குரலை மாற்றிவிடலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் வையம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். வரப்பில் நின்றிருந்த விவசாயி எனக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"அந்தம்மா வரலீங்களா? அவங்கதானே வரேன்னு சொன்னாங்க."

"அவங்க இப்ப இல்லைங்க. அவங்க சொன்னதுக்காகத்தான் நான் வந்திருக்கேன்" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னை மக்காச்சோளத்துக்குள் அழைத்துப் போனார்.

போய் வாருங்கள், மெஹர். வருவதாக நீங்கள் சொல்லும் இடத்துக்கெல்லாம் இனி நாங்கள் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.