ஒரு பக்கம் மட்டும் பதிந்த கேசட்

குவைத்தில் நர்ஸாக வேலை பார்த்த என் அக்கா முதல் லீவுக்கு வந்தபோது, எல்லோருக்கும் சோப்பு, சென்ட், புடவை என்று எடுத்துக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் ஒரு டேப் ரெக்கார்டரையும் இரண்டு கேசட் அடங்கிய ஒரு பெட்டியையும் கொடுத்தாள். நான் சங்கிலியை எதிர்பார்த்திருந்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் போன பிறகுதான் அந்தப் பெட்டியைப் பிரித்தேன். அதுதான் என் குணம்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பாடகி தன் ஆயுசு முழுக்கப் பாடியதிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பாட்டுகள் அவை. இரண்டு கேசட், நாலு பக்கம். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே அது பதிவான வருஷம் போட்டிருந்தது. முதல் பாட்டின்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கடைசிப் பாட்டு வரும்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் அப்போது சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் எதைக் கொடுத்தாலும் தப்பில்லாமல் அடிப்பேன். ஆனால் அவள் பாடியதில் பத்துக்கு இரண்டு வார்த்தைதான் புரிந்தது. அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, அதுவும் புரியாது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் மார்க்கெட் கமிட்டியில் அவர் எடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக்கு அவர்தான் தலைமை. லத்தீன் பூசைக் காலத்தில் எட்டு வயதில் பாட ஆரம்பித்தவர், நடுவில் ஒரு ஞாயிறும் விட்டதில்லை. அவர் இல்லாத பூசையை எங்கள் பங்குச் சனங்கள் பூசையாகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஈஸ்டர் இரவில் பாஸ்கா மெழுகுதிரிக்குப் பக்கத்தில் நின்று அவர் பாடும் புகழுரைக்காகவே சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்தார்.

“இது இன்னா பாட்டு?”

“சோல்னு சொல்லுவாங்களாம் நைனா. ஆத்துமான்னு அர்த்தம்.”

“ஆத்துமா பாட்டா? அப்ப கல்லறைத் திருநாளுக்குத்தான் போடணும்,” என்று சிரித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. இரண்டு பாட்டு முடிந்ததும், “இவ கோயில்ல பாடிப் பழகுனவ. மூச்சு எடுக்குற எடத்தப் பாரு, பின்னால கூட்டம் வாங்கிப் பாடறதுக்கு எடம் வுடுறா,” என்றார். தாளை எடுத்துப் படித்தேன். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் இருந்தவள் என்று அதில் இருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆறு மாதமாக நான் கேட்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் அவரே வந்து, “நாலாவது பக்கம் போடு பாப்பா,” என்பார். முதல் பக்கத்தில் அவள் கத்துவது அவருக்குப் பிடிக்காது. நாலாவது பக்கத்தில் குரல் தேய்ந்து, மேலே ஏற முடியாத இடத்தில் கீழேயே நின்று பாடுவாள். அந்த இடத்தில் நைனா கண்ணை மூடிக்கொள்வார். “கொரலு தேஞ்சப்புறம்தான் இவளுக்குப் பாடத் தெரிஞ்சிருக்குது. எனக்கும் இன்னும் பத்து வருசம் போவணும்,” என்று ஒருமுறை சொன்னார். இன்னொரு நாள் அந்தத் தாளைக் கையில் வாங்கி, வருஷங்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “யாரோ பொறுமையா எடுத்து வச்சிருக்கான்,” என்றார்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருக்குச் சோறு விழுங்கும்போது வலி வந்தது. கடலைத் தூசி என்றார். பொங்கல் கழிந்தும் போகவில்லை. விபூதிப் புதன் முடிந்த வாரம் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பரிசோதனை எல்லாம் முடித்து, மூன்றாவது முறை போனபோது டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கட்டி புற்றுநோய்தான், குரல்வளையோடு சேர்த்து எடுத்தால் பிழைப்பார், தள்ளிப் போட முடியாது என்றார். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் தேதி கொடுத்தார். “பேச்சு?” என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். அழுது முடித்ததும் என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “அவருகிட்ட சொல்லக் கூடாது, என் தலமேல ஆண. சொன்னியோ, ஆபரேசனுக்கே வர மாட்டாரு. செத்தா பாடிக்கினே சாவறேன்னு ஊட்டுலயே குந்திக்குவாரு. எனக்கு அந்த மனுசன் வேணும். கொரலு வேணாம்.”

எனக்கும் அந்த மனிதர் வேண்டும். அப்போதெல்லாம் வியாதிக்காரரிடம் வியாதியின் பெயரைச் சொல்வது யார் வீட்டிலும் வழக்கமில்லை. கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நைனாவிடம் சொன்னோம். சரி என்றார். அக்காவுக்கு மட்டும் கடிதம் எழுதினேன்.

அன்று இரவு அந்தக் கேசட் பெட்டியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. மறுநாள் இன்ஸ்டிடியூட்டில் ஒரு தாளைச் சொருகி, நைனாவின் பாட்டுகளை வருஷ வரிசைப்படி அடித்தேன். எட்டு வயதில் பாடிய லத்தீன் பாட்டில் ஆரம்பித்து, அவர் கல்யாணத்துக்கு அவரே பாடியது, அக்கா ஞானஸ்நானத்துக்குப் பாடியது, கிறிஸ்துமஸ் பாட்டுகள், கடைசியில் பாஸ்கா புகழுரை. நாலு பக்கத்துக்குச் சரியாக வந்தது. இரண்டு புதுக் கேசட் வாங்கினேன். வெளிச் சத்தம் வராமலிருக்க உள்ளறை ஜன்னலுக்குப் பாயைத் தொங்கவிட்டேன். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், ஒன்றைத் தவிர.

தவக்காலம், விபூதிப் புதனில் தொடங்கிய நாற்பது நாள் நோன்பு. கோயிலில் சுரூபச் சிலைகளுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டாயிற்று. ஆர்மோனியப் பெட்டியைப் பூட்டியாயிற்று. அல்லேலூயா என்ற சொல் ஈஸ்டர் வரைக்கும் வாயில் வரக் கூடாது. மகிழ்ச்சிப் பாட்டும் கூடாது.

நைனா என் தாளைப் படித்தார். சந்தோஷப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு அதை மடித்து என்னிடமே கொடுத்தார். “இதுல முக்காவாசி இப்பப் பாடக் கூடாது பாப்பா. ஈஸ்டர் போவட்டும். சாவகாசமா பாடித் தரேன்.”

“வீட்டுலதான நைனா? கோயில்லயா பாடச் சொல்றேன்?”

“ஊட்டுல இருந்தா கடவுளு காது கேக்காதவரா?”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். டேப் ரெக்கார்டரைக் கொஞ்ச நாளில் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். அக்காவுக்கு ஈஸ்டர் பரிசாக அனுப்ப வேண்டும் என்றேன். பொய் மேல் பொய். “இப்ப இன்னா அவசரம்?” என்று கேட்டுவிட்டு அவர் என் முகத்தையே பார்ப்பார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பங்குச் சாமியாரிடம் போனேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் நைனாவைக் கூப்பிட்டு, வீட்டில் பாடிப் பதிவு செய்வதில் பாவம் ஏதுமில்லை என்று எடுத்துச் சொன்னார். நைனா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வெளியே வந்ததும், “சாமி வயசுல சின்னவரு. அம்பது தவக்காலம் காப்பாத்திட்டேன், இந்த ஒண்ண எதுக்கு ஒடைக்கணும்?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தெருவிலேயே சத்தம் போட்டுச் சொல்லியிருப்பேன். அம்மாவின் தலை கண் முன்னால் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

கடைசியில் எனக்காக மனமிரங்கி, தவக்காலத்தில் பாடக்கூடியதை மட்டும் பாடினார். சிலுவைப் பாதைப் பாட்டு, மாதாவின் வியாகுலப் பாட்டு, பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பல். நான் பதிவு செய்த நாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மாதா மகனை மடியில் வாங்கும் இடத்தில் ஒரு கண்டக்டரின் விசில் நன்றாகவே கேட்கும். நாற்பது நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். எல்லாம் அழுகைப் பாட்டு. சிரித்த முகத்தோடு பாடும் என் நைனா அதில் ஒரு இடத்திலும் இல்லை. மறுபக்கத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாவது கேசட்டை உறை பிரிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஒப்புதல் தாளை நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். எந்த எழுத்து எந்த விரலுக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் படித்தேன். என்ன எடுக்கப் போகிறார்கள், என்ன திரும்பி வராது என்று தெளிவாக எழுதியிருந்தது. “எங்க போடணும்?” என்றார் நைனா. விரலை வைத்துக் காட்டினேன். அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு டாக்டரைப் பார்த்து, “ஈஸ்டருக்குள்ள வந்துருவனா சார்? புகழுரை பாடணும்,” என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், “வந்துரலாம் நைனா.”

ஆபரேஷன் ஒரு பகல் முழுக்க நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டு நன்றி சொன்னாள். மறுநாள் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். அக்காவின் கடிதம் கதவடியில் கிடந்தது. ‘நைனாவிடம் சொல்லாமல் தியேட்டருக்குள் அனுப்பாதே. சொல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் கண் விழிக்கும்போது படும் பாட்டை நான் இங்கே தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து சொல்லிவிடு’ என்று மூன்று முறை எழுதியிருந்தாள். அதை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றினேன்.

ஐந்தாம் நாள் நைனா எழுந்து உட்கார்ந்தார். கழுத்தில் ஒரு துளை, அதில் குழாய். வாயைத் திறந்து என்னவோ சொன்னார், காற்றுகூட வாய் வழியாக வரவில்லை. மறுபடி முயற்சி செய்தார். நர்ஸ் ஒரு சிலேட்டும் பல்பமும் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று காலிச் செம்பை மறந்துவிட்டு வெளியே போனாள்.

நைனா எழுதிக் காட்டினார். ‘எப்ப வரும்?’

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். வாயால் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. சிலேட்டை வாங்கி ‘வராது’ என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

அதை உள்ளங்கையால் துடைத்தார். ‘முன்னாடியே தெரியுமா?’

தலையாட்டினேன். அழக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சிலேட்டை மடியில் வைத்து, பூசைப் பாட்டு எழுதிக் கொடுக்கும்போது எழுதுவது போலவே ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதி, என் கையில் கொடுத்தார்.

‘சொல்லியிருந்தா பாடிட்டு வந்திருப்பேன்.’